விஷமூங்கில் மாலை

போன கிழமை நீங்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரையில் இருந்து ஒரு வெள்ளைப் பூங்கொத்தைப் பிடுங்கி வந்து, சோடாப் போத்தலில் தண்ணீர் விட்டு, டிவிக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். நான் அதை எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தேன். மகள் அன்று முழுக்க என்னுடன் பேசவில்லை. மகன் பேசினான். ஆனால் அம்மாவிடம் போய், "அப்பாவுக்குப் பூ எண்டா பிடிக்காது" என்று சொல்லியிருக்கிறான்.

அது சரியில்லை. எனக்குப் பூ பிடிக்கும். அந்தப் பூவை நான் ஒரு தரம் சாப்பிட்டும் இருக்கிறேன்.

ஏன் எறிந்தேன் என்பதை வாயால் சொல்லத் தொடங்கினால் அம்மா இடையில் புகுந்து தன் பக்கத்தைச் சொல்லுவாள். அதனால் எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், மேசன். சுவர் கட்டுகிற மாதிரி அடியில் இருந்து ஒவ்வொரு கல்லாக வைத்தால்தான் எனக்கு எழுத வரும். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்தச் செடி. வரைபடத்தில் வாவி என்று போட்டிருக்கிறதே, நாங்கள் ஆறு என்று சொல்கிறோமே, அதன் கரையில் உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கிற சேற்றில் அது முளைக்கும். இலை வாள் மாதிரி நீளம், என் இடுப்பளவு உயரம். நடுவில் பெருவிரல் தடிப்பில் ஒரு தண்டு. தண்டின் தலையில் இருபது, இருபத்தைந்து மொட்டு. பின்னேரமாக நான்கைந்து மொட்டு விரியும். வெள்ளை இதழ் ஆறு. ஒடுங்கி, நீண்டு, நுனியில் பின்பக்கம் வளைந்திருக்கும். உள்ளேயிருந்து நாவற்பழ நிறத்தில் ஆறு நார் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பொழுது சாயச் சாய வாசம் கூடும். அழகான பூ. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நான் பிறந்தது ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில். எங்கள் பக்கத்து எருமை சம்புப் புல்லைத் தின்னும், பன் புல்லைத் தின்னும், வேலியில் காயப்போட்ட சாரனையும் தின்னும். இந்தச் செடியைத் தின்னாது. அதைச் சுற்றி வட்டமாக மேய்ந்துவிட்டுப் போகும். கால் சுளுக்கினால் என் அம்மா இதன் இலையை நெருப்பில் வாட்டி, எண்ணெய் தடவிக் கட்டிவிடுவார். கிழங்கைத் தொடக்கூடாது என்பார். அது வெங்காயம் மாதிரி இருக்கும், தின்றால் குடல் வெளியே வருகிற அளவுக்குச் சத்தி எடுக்கும் என்பார். ஆகவே கிழங்கு விஷம் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். பூவைப் பற்றி என் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதபடியால் பூவில் ஒன்றும் இல்லை என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனிக் கல்யாணம். உங்கள் சின்னம்மாவின் கல்யாணம்.

கொரோனா வந்து ஊரடங்குச் சட்டம் போட்ட காலம் அது. மகள் அப்போது பள்ளிக்கூடத்துக்கே போகத் தொடங்கவில்லை. மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். உங்கள் அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் தாய் தகப்பன் இரண்டு பேரும் முன்னமே காலமாகிவிட்டார்கள். ஆகவே கல்யாணத்தில் தாய் இடத்தில் அம்மா, தகப்பன் இடத்தில் நான். எனக்கு அந்த இடத்தில் நிற்கிற வயது இல்லை. ஆனால் வேறு ஆள் இல்லை.

சித்தப்பா குருக்கள்மடத்துக்காரர். அவரை முதலில் பேசியபோது சின்னம்மாவுக்கு முப்பத்திரண்டு வயது. நாள் குறித்த பிறகு சித்தப்பாவின் தகப்பன் காலமானார். ஒரு வருஷம் தள்ளிப் போனது. திரும்ப நாள் குறித்தோம், ஊரடங்கு வந்தது. மூன்றாம் தரமும் நாள் குறித்தபோது சித்தப்பாவின் தாய்மாமன் எனக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் படுவான்கரையில் ஒரு வட்டைக்கு விதானையாக இருந்தவர். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வயல் எல்லாம் சேர்ந்தது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று விதானைதான் சொல்வார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

"தம்பி, ரெண்டு தரம் தள்ளிப் போயித்து. மூண்டாந் தரமும் ஏதும் பிழைச்சா அது கடவுள் சொல்லுற மாதிரி. புறகு நாங்க வேற இடம் பாப்பம். கோவிக்காதீங்க."

"கோவமில்ல மாமா. இந்தத் தரம் பிழைக்காது" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் சின்னம்மா தையல் மெசினில் இருந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும். அன்று ஒன்று மட்டும் சொன்னாள்.

"அத்தான், மூண்டாந் தரமும் நிண்டா நான் இனி ஒரு கலியாணத்துக்கும் உடுக்க மாட்டன். சொல்லிப் போட்டன்."

சொல்லிவிட்டுத் திரும்பவும் தைத்தாள். அது ஒரு மாம்பழ நிறச் சட்டை. யாருடையது என்று மறந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாருமாகப் பதினைந்து பேருக்குச் சுகாதாரப் பரிசோதகர் அனுமதி தந்தார். பி.எச்.ஐ. ஐயா என்றுதான் நாங்கள் அவரைக் கூப்பிடுவோம். நல்ல மனிதர். ஆனால் அன்றைக்குத் தானும் வந்து இருந்து பார்ப்பதாகச் சொன்னார். அரிசி இருந்தது. மரக்கறி செட்டிபாளையத்தில் ஒரு தோட்டத்தில் இருந்து கிடைத்தது. கூறைச் சேலை முதல் தரம் குறித்த நாளுக்கே வாங்கி வைத்தது. இல்லாமல் போனது மாலை மட்டும்தான். மாலை எப்போதும் டவுனில் இருந்து வருவது. டவுன் பூட்டிக் கிடந்தது.

எங்கள் வளவில் செவ்வரத்தை நின்றது. அம்மா அதைக் கட்டலாம் என்றாள்.

"செவப்பு மாலையா? நான் என்ன கோயிலுக்கு நேந்து விட்ட கடாயா?" என்று சின்னம்மா கேட்டாள்.

ஊரில் ஒரு பிளாஸ்டிக் மாலையும் இருந்தது. அது பக்கத்து வீட்டில் இறந்துபோனவரின் படத்தில் தொங்கியது. அவர்கள் தருவதாகவே சொன்னார்கள். கழுவித் தருகிறோம் என்றும் சொன்னார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போதுதான் எனக்கு ஆற்றங்கரைப் பூ ஞாபகம் வந்தது. இங்கே ஆற்றுக்குக் கிழக்கே, எழுவான்கரையிலும், எங்கள் பின்வளவுக்கு அப்பால் கண்ணா மரங்களைத் தாண்டி ஒரு சேற்றுத்திட்டியில் அது கூட்டமாக நின்றது. வெள்ளை. வாசம். காவலுக்கு யாரும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பின்னேரம் ஒரு சீமெந்துப் பையும் கத்தியும் கொண்டு இறங்கினேன். முழங்கால் அளவு சேறு. நாளைக்கு விரியப் போகிற மொட்டும், அப்போது விரிகிற பூவுமாகப் பார்த்துப் பார்த்துப் பதினான்கு தண்டு வெட்டினேன். வெட்டிய இடத்தில் இருந்து வழுவழு என்று பால் மாதிரி ஒன்று வடிந்தது. அந்த நேரம் எங்கள் ஊர் வலைக்காரர் ஒருவர் தோணியில் போனார்.

"என்ன மேசன், மாட்டுக்கு வெட்டுறீங்களா? மாடு தின்னாது அத."

"மாட்டுக்கில்ல. கலியாணத்துக்கு."

அவர் தோணியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "மாப்பிள்ள திம்பாரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது பகிடி.

வீட்டுக்கு வந்து கையைக் காலைக் கழுவிவிட்டு மாலை கட்டத் தொடங்கினேன். பூ கட்டுகிற நூல் இல்லை. சுவர் நேர் பார்க்கப் பிடிக்கிற பச்சை நைலோன் நூல் என்னிடம் இருந்தது. ஊசி சின்னம்மாவுடையது. பூவின் காம்பு குழாய் மாதிரி நீளமாக இருக்கும். அதற்குள்ளால் ஊசியை விட்டுக் கோக்க வேண்டும். இரண்டு மாலையும் ஒரே நீளமா என்று அளவு நாடாவால் அளந்தேன். அரை அங்குலம் வித்தியாசம். அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். விரல் இடுக்கில் அரித்துக் கடித்தது. சீமெந்து வேலைக்காரனுக்கு விரல் இடுக்குக் கடிப்பது புதினம் இல்லை, தேங்காய் எண்ணெய் பூசினேன்.

அம்மா வந்து குனிந்து பார்த்தாள்.

"இஞ்சேருங்க, இது நஞ்சுச் செடியெல்லா?"

"கிழங்குதான் நஞ்சு. பூவில ஒண்டுமில்ல."

"ஆர் சொன்ன?"

"மாலைய ஆரும் சாப்பிடுறல்ல" என்றேன்.

இந்தப் பதில் எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. அம்மாவுக்கும் சரியாகப் பட்டிருக்க வேண்டும், மாலையை மூட ஈரத்துணி எடுத்து வந்தாள். இரண்டு மாலையையும் ஈரத்துணியால் மூடி வைத்தோம். விடியப் பார்த்தால் இரவில் இன்னும் விரிந்து முன்னையை விட நன்றாக இருந்தது. சின்னம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கி அத்தான்" என்றாள். அவள் என்னைப் பாராட்டிய நாள் அது ஒன்றுதான். குசினிக்கு மாபிள் பதித்தபோது கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் நான்கு மோட்டார் சைக்கிளில் பெரிய வீதியை விட்டு உள் ஒழுங்கையால் வந்தார்கள். பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வீட்டுக்குள் எடுக்க வேண்டும். சகோதரன் இல்லாததால் நான் கழுவினேன். பி.எச்.ஐ. ஐயா பக்கத்தில் நின்று கையையும் கழுவச் சொன்னார். கால் கழுவியது வழக்கம், கை கழுவியது சட்டம். இரண்டும் ஒரே பேசினுக்குள் முடிந்தது.

எல்லாரும் முகக்கவசம் போட்டிருந்தோம். மாப்பிள்ளையும் பெண்ணும் பூசகரும் கூடப் போட்டிருந்தார்கள். இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தாலி கட்டியது, மாலை மாற்றியது எல்லாம் முகக்கவசத்தோடு. மாலையைப் பார்த்துச் சித்தப்பாவின் தாய் "என்ன வடிவு" என்றார். அந்த வாசம் அவருக்குப் போகவில்லை. ஒருவருக்கும் போகவில்லை.

பிறகு கலம். எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதோடு கல்யாணம் முடியாது. மாப்பிள்ளையும் பெண்ணும் பெண் வீட்டில் ஒரே இலையில் சோறு சாப்பிட வேண்டும். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். நானும் அப்படி வந்தவன்தான். அந்தச் சோற்றைச் சாப்பிட்டால்தான் அவர் அந்த வீட்டு ஆள். கலத்துச் சோற்றைப் புதுச் சட்டியில் தனியாக ஆக்கி, ஒரு தரம் மட்டும் போடுவார்கள். மாற்றிப் போடுவது கிடையாது. மாற்றிப் போட்டால் இரண்டாம் கல்யாணம் மாதிரி என்று சொல்வார்கள்.

சாப்பிடுவதற்காக இரண்டு பேரும் முகக்கவசத்தைக் கழற்றினார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய தாய்மாமனும் கழற்றினார். அப்போதுதான் அவருக்கு வாசம் போனது. மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். அதே நேரம் சின்னம்மா கறி வைக்கக் குனிந்தாள். மாலையும் சேர்ந்து குனிந்தது. ஒரு இதழ் கழன்று சோற்றில், நெய்க்குப் பக்கத்தில் விழுந்தது.

மாமா அந்த இதழைப் பார்த்தார். பிறகு மாலையைக் கையால் தூக்கிப் பார்த்தார். வயலில் களை பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"தம்பி, இது எங்க பிடுங்கின?"

"ஆத்தங்கரையில மாமா."

"இதுக்குப் பேர் தெரியுமா?"

"வெள்ளைப் பூ எண்டு சொல்லுவம்."

"இது விஷமூங்கில்" என்றார். "எங்கட வட்டையில வாய்க்கால் ஓரம் நிக்கிறது. ஒருத்தன்ட ஆடு திண்டு வாயால நுரை தள்ளிச்சி. மருமகன், கைய எடு. சோத்தில தொடாத."

சித்தப்பா கையை எடுத்தார். அவருடைய தாய் "விஷமா!" என்று எழும்பினார். கதிரைகள் தரையில் கிறீச்சிட்டன. கைக்குழந்தையாக இருந்த நீ, மகனே, அந்தச் சத்தத்தில் அழத் தொடங்கினாய்.

"கிழங்குதான் மாமா நஞ்சு. பூவில இல்ல" என்றேன்.

"ஆர் சொன்ன?"

இது அம்மா கேட்ட அதே கேள்வி. இந்தத் தரம் மாலையை ஆரும் சாப்பிடுவதில்லை என்று சொல்ல முடியவில்லை. இதழ் சோற்றில் கிடந்தது.

"தாலி கட்டியாச்சிதானே மாமா" என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

"தாலி கட்டினது சரி மகள். கலம் தின்னாம அவன் இந்த வீட்டில படுக்க ஏலாது. போட்ட சோறு நஞ்சு, மாத்திப் போடவும் ஏலாது. எழும்பு மருமகன். வீட்ட போய், நாள் பாத்து வருவம்."

நாள் பார்த்து வருவம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். சின்னம்மாவுக்கு எல்லாரையும் விட நன்றாகத் தெரியும். அவள் கரண்டியைப் பிடித்தபடியே குனிந்து நின்றாள். கரண்டியில் இருந்த பூசணிக்காய்க் கறியைப் போடவும் இல்லை, சட்டியில் திருப்பி வைக்கவும் இல்லை.

அதற்குள் பி.எச்.ஐ. ஐயா வாசலில் இருந்து கொப்பியோடு வந்தார். "என்ன, சாப்பாட்டில நஞ்செண்டு கேட்டுது? உணவு நஞ்சாகிறதும் என்ட வேலைதான். ஆருக்கும் சத்தி, தலைச்சுத்து வந்தா நான் எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். கலியாணத்தையும் நிப்பாட்டணும்" என்றார். அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படி.

நான் அந்த இடத்தில் என்ன யோசித்தேன் என்று பல தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். யோசித்ததாக ஞாபகம் இல்லை. கட்டின சுவர் சரியுது என்று ஒருவன் சொன்னால் மேசன் என்ன செய்வான்? ஏறி மேலே நின்று காட்டுவான். நான் போய்ச் சின்னம்மாவின் மாலையில் இருந்து ஒரு பூவைப் பிய்த்தேன். எல்லாரும் பார்க்க முகக்கவசத்தைக் கழற்றி வாயில் போட்டேன்.

பிள்ளைகளே, இதை நீங்கள் ஒருநாளும் செய்யக்கூடாது. இந்தக் கடுதாசியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

இதழ் பச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. காம்பு கசந்தது. பச்சை வாழைக்காயைச் சவர்க்காரத்தில் தோய்த்துக் கடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. பாதியில் துப்பினால் நம்பமாட்டார்கள் என்று முழுவதையும் மென்று விழுங்கினேன். நைலோன் நூலின் ஒரு துண்டும் சேர்ந்து வந்தது, அதை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன்.

"பாருங்க. ஒண்டுமில்ல" என்றேன்.

மாமா கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். தண்ணீர் திறந்துவிட்டு வயல் நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்து பழகியவர். "பத்து நிமிஷம் பாப்பம்" என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மற்றப் பதினான்கு பேரும் பி.எச்.ஐ. ஐயாவும். நான் நடுவில் ஒரு கதிரையில் இருந்தேன். என் கல்யாணத்தில் கூட என்னை இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் பார்க்கவில்லை. என்ன கதைப்பது என்று தெரியவில்லை. சுவர் ஈரம் இழுப்பதற்கு என்ன செய்யலாம் என்று பூசகரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, ஆனால் தலையாட்டினார்.

"எப்பிடி இருக்கி?" என்று மூன்றாம் நிமிஷம் மாமா கேட்டார்.

"நல்லம்."

"வாய் விறைக்குதா?"

"இல்ல."

"வயிறு?"

"பசிக்குது" என்றேன். அது பொய் இல்லை. அப்போது பசித்தது.

ஐந்தாம் நிமிஷம் பசி நின்றுவிட்டது. ஆறாம் நிமிஷம் வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. ஊற ஊற விழுங்கினேன். நெற்றி வேர்த்தது. முகக்கவசத்தை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டேன், முகம் பாதி மறையும் என்று. அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள், மகனே, உன்னைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே எனக்கும் பி.எச்.ஐ. ஐயாவுக்கும் நடுவில் வந்து நின்றாள். அவளுடைய முதுகைத்தான் அவர் பார்க்கலாம்.

"எத்தினை நிமிஷம் மாமா?" என்று கேட்டேன். என் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"ஏழு."

மூன்று நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அப்போது சித்தப்பா, அந்த நேரம் வரை ஒரு சொல்லும் பேசாதவர், சின்னம்மாவைப் பார்த்து, "கை நோகல்லையா?" என்று கேட்டார். அவள் கரண்டியை இன்னும் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"நோகுது" என்றாள்.

"அப்ப போடுங்க."

அவள் கறியைப் போட்டாள். அவர் தன் மாலையைக் கழற்றிக் கதிரையின் முதுகில் கொழுவினார். அவளுடையதையும் கழற்றச் சொன்னார். சின்னம்மா அந்த இதழை இரண்டு விரலால் எடுத்தாள். இதழ் பட்ட சோற்றையும் அதைச் சுற்றி ஒரு கைப்பிடி சோற்றையும் சேர்த்து இலையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். பிறகு போய்க் கை கழுவிக்கொண்டு வந்தாள். மற்றப் பக்கத்தில் இருந்து ஒரு பிடி எடுத்து முதலில் தான் சாப்பிட்டாள். அடுத்த பிடியை அவருக்குக் கொடுத்தாள். மாமா "ஏய்" என்பதற்குள் அவர் விழுங்கிவிட்டார்.

சோற்றை ஓரத்துக்குத் தள்ளினால் போதும் என்பது எனக்குத் தோன்றவில்லை. மாமாவுக்கும் தோன்றவில்லை. பதினைந்து பேரில் அவளைத் தவிர ஒருவருக்கும் தோன்றவில்லை. பூவைச் சாப்பிட்டுக் காட்டுவதுதான் எனக்குத் தோன்றியது.

எல்லாரும் கலத்தைப் பார்த்த நேரம் நான் எழும்பிப் பின்பக்கம் போனேன். ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும். கோழிக்கூட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். என் அம்மா குடலைப் பற்றிச் சொன்னது மிகையில்லை.

யாரோ என் நெற்றியைப் பிடித்தார்கள். பெரிய, காய்த்த கை. திரும்பிப் பார்த்தால் மாமா.

இவர் உள்ளே போய் ஒரு சொல் சொன்னால் போதும். பி.எச்.ஐ. ஐயா எல்லாரையும் வாகனத்தில் ஏற்றுவார். கலம் சாப்பிட்டவர்களையும் ஏற்றுவார். கல்யாணம் அன்று ஆஸ்பத்திரிக்குப் போன பெண் என்று சின்னம்மாவை ஊர் சொல்லும்.

"மாமா," என்றேன், "சொல்லிப் போடாதீங்க."

"கதைக்காம எடுங்க. முழுக்க எடுங்க. உள்ள கிடக்கப் படாது."

எடுத்தேன். அவர் கோழிக்கு வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கி வந்து என் தலையில் கொஞ்சம் ஊற்றினார். குசினி வாசலில் இருந்து பி.எச்.ஐ. ஐயாவின் குரல் கேட்டது.

"ஐயா, அங்க என்ன? அந்தப் பூச் சாப்பிட்டவர் எங்க?"

"இஞ்சதான்," என்று மாமா திரும்பாமலே சத்தமாகச் சொன்னார். "கோழிக்குத் தண்ணி வைக்கிறார். கலியாண வீட்டில கோழிய மறந்து போயித்தாங்க."

கோழி ஒன்று அந்த நேரம் கத்தியது. உதவியாக இருந்தது.

காலடிச் சத்தம் திரும்பிப் போனது. பிறகு நான் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

மாமா சாரனில் கையைத் துடைத்தார். "எப்பிடிச் சொல்லுற? அவன் திண்டித்தான். இனி இது அவன்ட வீடு, நான் இஞ்ச விருந்தாளி. இன்னொருத்தன்ட வீட்டில வந்து சோறு சரியில்லையெண்டு சொல்ல ஏலுமா?" என்றார். வாளியைத் திரும்பக் கோழிக்கு வைத்துவிட்டு, "பூவும் நஞ்செண்டு எனக்கும் சரியாத் தெரியாது தம்பி. ஆடு என்னத்த திண்டதெண்டு ஆர் கண்ட. இலையாக்கும் எண்டுதான் நினைச்சன். இப்ப தெரியுது" என்றார்.

"எனக்கும் இப்பதான் தெரியும் மாமா."

"வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க. அந்த மனிசன் கொப்பியோட நிக்கிறார். நீங்க இருந்து சாப்பிடுறதக் கண்டாத்தான் போவார்."

வயிறு கழுவிவிட்ட பானை மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னது நியாயம். உள்ளே போனோம். மாமா என்னைத் தனக்குப் பக்கத்தில் இருத்தினார். எங்களுக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு பி.எச்.ஐ. ஐயா இருந்தார். கலத்துக்குப் பிறகு பெண்தான் வந்த ஆட்களுக்கு முதல் சோறு போட வேண்டும். சின்னம்மா முகக்கவசத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டு சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். என் இலைக்கு முன்னால் நின்றாள். என் ஈரத் தலையையும், என் முகத்தையும், சட்டையில் ஒட்டியிருந்த முருங்கை இலையையும் பார்த்தாள்.

அவள் ஒரு அகப்பை மட்டும் போட்டாள், மிகவும் சின்னதாக. அதற்கு மேல் கறி ஒன்றும் போடாமல் மோரை மட்டும் ஊற்றினாள்.

"அத்தான் கலியாணச் சாப்பாடெண்டா நல்லாச் சாப்பிடுவார்" என்று பி.எச்.ஐ. ஐயாவுக்குக் கேட்கச் சொன்னாள். "மோர்ச்சோறுதான் அவருக்கு விருப்பம்."

எனக்கு மோர் பிடிக்காது. அவளுக்கு அது தெரியும்.

பி.எச்.ஐ. ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் வாயை எடுத்து வைத்தேன். விழுங்கினேன். கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். அது உள்ளேயே நின்றது. இரண்டாவது வாயையும் எடுத்தேன். நாலாவது வாயில் அவர் கொப்பியை மூடி, பேனையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு எழும்பினார். "அப்ப நான் வாறன். பொம்புள மாப்பிள்ள சந்தோசமா இருக்கணும்" என்றார்.

"ஓம் ஐயா, இருந்து சாப்பிட்டுப் போங்களன்" என்று சித்தப்பா வாசல்வரை போய்ச் சொன்னார். வீட்டுக்காரன் மாதிரியே சொன்னார்.